ஒரே டேக்கிள்... நான்கு தீர்ப்பு!

ரக்பி நடுவர்களின் விசில் ஏன் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறுகிறது?

2023 செப்டம்பர் 9, பிரான்ஸின் மார்சே நகரம். வெலோட்ரோம் மைதானத்தில் இங்கிலாந்துக்கும் அர்ஜென்டினாவுக்கும் இடையிலான உலகக் கோப்பை ரக்பி ஆட்டம் தொடங்கி மூன்றே நிமிடங்கள் ஆகியிருந்தன. உயரத்தில் வந்த பந்தை எம்பிப் பிடித்துத் தரையில் கால் வைத்தார் அர்ஜென்டினாவின் ஹுவான் குரூஸ் மல்லியா. அவரை மடக்க நிமிர்ந்த உடம்போடு ஓடிவந்தார் இங்கிலாந்தின் டாம் கரி. இருவரின் தலைகளும் மடாரென்று மோதின. நடுவர் மத்தியூ ரெனால் மஞ்சள் அட்டை காட்டினார். களத்துக்கு வெளியே நாற்காலியில் காத்திருந்த கரிக்குச் சில நிமிடங்களில் அது சிவப்பாக மாறியது. மீதி ஆட்டம் முழுவதையும் 14 பேரோடு ஆடிய இங்கிலாந்து, ஜார்ஜ் ஃபோர்ட் உதைத்தே சேர்த்த 27 புள்ளிகளால் 27-10 என்று வென்றது. கரி அடுத்த இரண்டு ஆட்டங்களில் இறங்க முடியவில்லை.

மறுநாள், அதே மைதானம். தென்னாப்பிரிக்காவும் ஸ்காட்லாந்தும் மோதிய ஆட்டத்தின் தொடக்கத்திலேயே தென்னாப்பிரிக்காவின் ஜெஸ்ஸி கிரியல் நிமிர்ந்தபடி வந்து ஜாக் டெம்ப்சியைத் தடுத்தார். மறுபடியும் தலையோடு தலை. இந்த முறை விசில் இல்லை, அட்டை இல்லை, மறுஆய்வும் இல்லை. ஆட்டம் தொடர்ந்தது.

களம் ஒன்று, போட்டி ஒன்று, சட்டப் புத்தகம் ஒன்று. தீர்ப்பு மட்டும் இரண்டு. ரக்பி யூனியனைப் பல ஆண்டுகளாக அரித்துவரும் புண் இதுதான். பந்தோடு ஓடுபவரை மடக்கிப் பிடிக்கும் ‘டேக்கிள்’, அதைத் தொடர்ந்து தரையில் கிடக்கும் பந்துக்காக நடக்கும் ‘பிரேக்டவுன்’ ஆகிய இரண்டு இடங்களிலும் எது குற்றம், எது குற்றமில்லை என்பது நடுவருக்கு நடுவர் மாறுகிறது. அதன் விலையைப் புள்ளிப் பட்டியலில் மட்டுமல்லாமல், வீரர்களின் மூளையிலும் நடுவர்களின் வீட்டு வாசலிலும் பார்க்க முடிகிறது.

பிடித்த பிறகுதான் போர்

கபடியில் பாடி வந்தவரை மடக்கி அமுக்கிவிட்டால் கதை முடிந்தது. ரக்பியில் பிடித்த பிறகுதான் கதையே ஆரம்பம்.

பந்தோடு ஓடியவர் தரையில் விழுந்ததும் பந்தை விட்டுவிட வேண்டும். பிடித்தவரும் உடனே அவரை விட்டுவிட்டு விலகி உருள வேண்டும். அடுத்து வருகிறவர்கள் தங்கள் அணியின் பக்கத்திலிருந்து நேராக வர வேண்டும், பக்கவாட்டில் நுழையக் கூடாது. காலில் நின்றபடிதான் பந்தைத் தொடலாம். முழங்காலோ கையோ தரையில் ஊன்றக் கூடாது. இரு அணிகளிலிருந்தும் தலா ஒருவராவது பந்துக்கு மேல் நின்று முட்டிக்கொண்டால் அது ‘ரக்’. அதன்பின் கையால் பந்தை எடுக்கக் கூடாது. ஆனால், ரக் உருவாகும் முன்பே பந்தில் கைவைத்துவிட்டவர் இழுத்துக்கொண்டே இருக்கலாம். குனிந்து பந்தைக் கவ்வும் அந்த ஆளை ‘ஜாக்லர்’ என்பார்கள்.

இவ்வளவும் மூன்று நான்கு விநாடிகளுக்குள் நடந்து முடிகிறது. சர்வதேச ஆட்டம் ஒன்றில் இது 150 முறைக்கு மேல் நடக்கிறது. ஒவ்வொன்றிலும் பல உடல்கள், பலவும் 100 கிலோவுக்குக் குறையாதவை. விழுந்தவர் பந்தை அரை விநாடி கூடுதலாகப் பிடித்திருப்பார். பிடித்தவர் உருள முடியாமல் நசுங்கிக் கிடப்பார். ஜாக்லரின் முழங்கை புல்லைத் தொட்டிருக்கும். துணைக்கு வந்தவர் காலில் நிற்காமல் பந்தின் மீதே கவிழ்ந்திருப்பார். சட்டத்தை எழுத்துக்கு எழுத்து வைத்துப் பார்த்தால் ஏறத்தாழ ஒவ்வொரு பிரேக்டவுனிலும் ஏதோ ஒரு குற்றம் இருக்கும். பலவற்றில் இரு தரப்பிலும் இருக்கும்.

அதனால் நடுவர்கள் தங்களுக்குள் ஓர் அளவுகோலை வைத்திருக்கிறார்கள்: இந்தத் தவறு ஆட்டத்தின் போக்கைப் பாதித்ததா? பாதித்திருந்தால் விசில், இல்லையென்றால் கண்டுகொள்வதில்லை. நடைமுறையில் இதற்கு மாற்று கிடையாது. எல்லாவற்றுக்கும் விசில் அடித்தால் ஆட்டமே நடக்காது. ஆனால், ‘பாதித்ததா’ என்ற கேள்விக்குப் பதில் சட்டப் புத்தகத்தில் இல்லை. அது நடுவரின் கண்ணில், அவர் நிற்கும் கோணத்தில், அவர் வளர்ந்த நாட்டின் ஆட்ட மரபில் இருக்கிறது. ஒருவர் ஜாக்லருக்கு ஒரு விநாடியில் பெனால்டி கொடுப்பார். இன்னொருவர் அவர் எதிரணியின் முட்டலைத் தாங்கி நிற்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் கையைத் தூக்குவார். இரண்டுமே தவறில்லை என்பதுதான் சிக்கல்.

இந்த நிச்சயமின்மைக்கு ரக்பி கொடுத்த விலைகளில் பெயர்பெற்றது 2011 உலகக் கோப்பைக் காலிறுதி. நியூசிலாந்தின் வெலிங்டனில் அன்றைய சாம்பியன் தென்னாப்பிரிக்காவை ஆஸ்திரேலியா 11-9 என்று வீழ்த்தியது. ஆஸ்திரேலியாவின் டேவிட் போகாக் பிரேக்டவுனில் பந்தைப் பறித்துக்கொண்டே இருந்தார். நடுவர் பிரைஸ் லாரன்ஸ் அங்கே விசிலை அதிகம் பயன்படுத்தவில்லை. போகாக்கின் திறமையை யாரும் மறுக்கவில்லை. ஆனால், அவர் செய்ததில் பாதி சட்டவிரோதம் என்று தென்னாப்பிரிக்காவே கொந்தளித்தது. அந்த எதிர்ப்பு தணியவே இல்லை. 2012-ல் லாரன்ஸ் நடுவர் பணியிலிருந்தே விலகினார்.

2023 காலிறுதியில் நியூசிலாந்தை வெல்ல அயர்லாந்து கடைசி நேரத்தில் 37 கட்டங்கள் விடாமல் பந்தைக் காத்து முன்னேறியது. அதாவது, 37 முறை மேற்சொன்ன அத்தனை கேள்விகளும் நடுவர் வெய்ன் பார்ன்ஸ் முன் வந்து நின்றன. இறுதியில் நியூசிலாந்தின் சாம் ஒயிட்லாக் குனிந்து பந்தைக் கவ்வினார், விசில் ஒலித்தது, 28-24 என்று ஆட்டம் முடிந்தது. அந்தப் பறிப்பு சுத்தமானதா என்ற வாதம் அயர்லாந்தில் ஓயவில்லை. அப்படி வாதிட இடம் வைத்திருப்பது சட்டம்தான்.

■ தெரிந்துகொள்ள: பெனால்டியின் எடை

பிரேக்டவுன் குற்றத்துக்குப் பெரும்பாலும் தண்டனை பெனால்டி. கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் 3 புள்ளிகள், இல்லையென்றால் எல்லைக்கோட்டுக்கு வெளியே உதைத்துவிட்டு, ‘ட்ரை’ (எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் ஊன்றிப் புள்ளி எடுப்பது) அடிக்கும் தூரத்தில் மறுபடி பந்தைப் பெறலாம். 2023 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் தென்னாப்பிரிக்கா ஒரு ட்ரைகூட அடிக்கவில்லை. ஹாண்ட்ரே பொல்லார்ட் உதைத்த 4 பெனால்டிகள்தான் அதன் 12 புள்ளிகள். நியூசிலாந்து 11. கோப்பையைத் தீர்மானித்தது ஒரு புள்ளி.

கண்டிப்பு வந்தது, கரைந்தது

குறையைச் சரிசெய்ய முயற்சியே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. 2020-ன் தொடக்கத்தில் உலக ரக்பி அமைப்பு பிரேக்டவுனுக்கென்று புதிய வழிகாட்டுதலை வெளியிட்டது. புதுச் சட்டம் எதுவும் இல்லை. ஏற்கெனவே எழுதியிருப்பதைக் கறாராகப் பின்பற்றுங்கள் என்பதுதான் சாரம். அதை முதலில் பெரிய அளவில் நடைமுறைப்படுத்தியது நியூசிலாந்தின் சூப்பர் ரக்பி ஆவோடியரோவா. 2020 ஜூனில் தொடங்கிய அந்தத் தொடரின் முதல் வாரம் முழுக்க விசில் சத்தம். பயிற்சியாளர்களும் பார்வையாளர்களும் முகம் சுளித்தார்கள். ஆனால், சில வாரங்களில் வீரர்கள் பழகிக்கொள்ள, பெனால்டிகள் குறைந்து பந்து வேகமாக வெளியே வரத் தொடங்கியது.

பாடம் தெளிவாகவே இருந்தது. கண்டிப்பு நிலைத்தால் வீரர்கள் மாறுவார்கள். நிலைக்கவில்லை என்பதுதான் நடந்தது. ஒவ்வொரு பருவத்திலும் ஓர் அம்சத்துக்கு மட்டும் அழுத்தம் தரப்படுகிறது. இந்த ஆண்டு ‘விலகி உருளுங்கள்’, அடுத்த ஆண்டு ‘பக்கவாட்டில் வராதீர்கள்’. முந்தைய அழுத்தம் அதற்குள் தளர்ந்துவிடுகிறது. பந்தின் மீது கவிழ்ந்து மூடுவது சட்டப்படி குற்றம். எந்த சர்வதேச ஆட்டத்தைப் பார்த்தாலும் அது தண்டனையின்றி நடப்பதைக் காணலாம். எழுதிவைத்த சட்டத்தை ஊரறிய மீற விடுவது, மீதியுள்ள சட்டத்தையும் பேரம் பேசும் பொருளாக்கிவிடுகிறது.

தலைக்கு மேல் கத்தி

பிரேக்டவுனில் ஓரளவு ஏற்றத்தாழ்வு ஆட்டத்தின் இயல்பு என்று வாதிட முடியும். தலையில் படும் டேக்கிளில் அந்த வாதத்துக்கு இடமே இல்லை. அங்கேதான் விதிகள் மிக விரிவாக எழுதப்பட்டிருக்கின்றன.

2017 ஜனவரியில் தலைத் தாக்குதலுக்குக் கடும் தண்டனை என்ற உத்தரவு வந்தது. 2019-ல் உயர டேக்கிளுக்கான தண்டனைக் கட்டமைப்பு வந்தது. அந்த ஆண்டு ஜப்பானில் நடந்த உலகக் கோப்பையின் முதல் வாரத்திலேயே ஆஸ்திரேலியாவின் ரீஸ் ஹாட்ஜ், ஃபிஜியின் பெசெலி யாட்டோவைத் தடுத்த விதம் களத்தில் தண்டனையின்றிப் போனது. யாட்டோ அதன்பின் ஆட்டத்தைத் தொடரவில்லை. ஹாட்ஜுக்குப் பின்னர் மூன்று வாரத் தடை விழுந்தது. தொடக்க வாரத்தில் நடுவர்களின் செயல்பாடு எதிர்பார்த்த தரத்தில் சீராக இல்லை என்று உலக ரக்பி அமைப்பே பகிரங்கமாக ஒப்புக்கொண்டது. ஒரு விளையாட்டின் தலைமை அமைப்பு உலகக் கோப்பையின் நடுவே இப்படி அறிக்கை விடுவது அரிது.

■ தெரிந்துகொள்ள: நான்கு கேள்வி

2021-ல் வந்த நடைமுறைப்படி நடுவர் வரிசையாகக் கேட்க வேண்டியவை: தலையில் பட்டதா? அது தவறான ஆட்டமா? ஆபத்தின் அளவு அதிகமா, குறைவா? தண்டனையைக் குறைக்கக் காரணம் உண்டா? பந்தோடு வந்தவர் கடைசி நொடியில் குனிந்துவிட்டால் சிவப்பு மஞ்சளாகலாம். 2023 முதல் களநடுவர் மஞ்சள் காட்டிவிட்டு, ‘பங்கர்’ எனப்படும் மறுஆய்வு அறைக்கு அனுப்பலாம். அங்கே இருப்பவர் எட்டு நிமிடங்களுக்குள் அட்டையின் நிறத்தை முடிவு செய்வார்.

இந்த ஏற்பாடு எங்கே இடறுகிறது என்பதை ஒரே ஒரு டேக்கிள் காட்டிக்கொடுக்கிறது. 2023 ஆகஸ்ட் 12, லண்டன் டிவிக்கனம் மைதானம். இங்கிலாந்து கேப்டன் ஓவன் ஃபாரெல், வேல்ஸ் வீரர் டெய்ன் பாஷமைத் தடுத்தபோது அவரது தோள் பாஷமின் தலையில் பட்டது. களநடுவர் காட்டியது மஞ்சள். பங்கர் அதைச் சிவப்பாக்கியது. மூன்று நாள் கழித்துக் கூடிய விசாரணைக் குழு, இங்கிலாந்தின் ஜேமி ஜார்ஜ் இடையில் பாஷமை முட்டியதால் அவர் வந்த திசை மாறியது என்று சொல்லி அட்டையைத் திரும்ப மஞ்சளாக்கியது. உலக ரக்பி அமைப்பு மேல்முறையீடு செய்தது. மேல்முறையீட்டுக் குழு மறுபடி சிவப்பு என்றது, நான்கு ஆட்டங்களுக்குத் தடை விதித்தது.

ஒரே காட்சி, நான்கு அமர்வு, மாறி மாறி நான்கு தீர்ப்பு. இவர்கள் அனைவரும் இந்த விளையாட்டை நன்கு அறிந்தவர்கள். மெதுவாக ஓட்டிப் பார்க்கக் காணொளி இருந்தது, நேரமும் இருந்தது. அப்படியிருந்தும் ஒத்துப்போக முடியவில்லையென்றால் குறை ஆட்களிடம் இல்லை, நான்காவது கேள்வியில் இருக்கிறது. தண்டனைக் குறைப்புக்கான காரணங்கள் அத்தனை தூரம் வளைந்து கொடுக்கின்றன.

அதே ஆண்டு அக்டோபர் 28 இறுதி ஆட்டத்தில் இது உச்சத்தைத் தொட்டது. நியூசிலாந்து கேப்டன் சாம் கேன் தடுத்தபோது தலையில் அடிபட்டவர், மார்சேயில் தண்டனையின்றித் தப்பிய அதே ஜெஸ்ஸி கிரியல். கேனின் மஞ்சள் சிவப்பானது. ஆண்கள் உலகக் கோப்பை இறுதியில் வெளியேற்றப்பட்ட முதல் வீரர் அவர். இரண்டாம் பாதியில் தென்னாப்பிரிக்க கேப்டன் சியா கோலிசியின் தலை ஆர்டி சவேயாவின் தலையில் மோதியது. அது மஞ்சளோடு நின்றது. இரண்டு மோதல்களின் வேகமும் உடல் நிலையும் வேறு என்று சொல்ல நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்தை அன்று பார்த்துக்கொண்டிருந்த கோடிக்கணக்கானவர்களுக்கு யாரும் விளக்கவில்லை. களநடுவரும் தொலைக்காட்சி நடுவரும் பேசுவது ரசிகர் காதில் விழும். பங்கருக்குள் நடக்கும் ஆலோசனை விழாது. முடிவு மட்டும் வரும்.

யார் தலையில் விடிகிறது?

முதலில் வீரர்கள். 2013 முதல் 2015 வரையிலான 1,500-க்கும் மேற்பட்ட தொழில்முறை ஆட்டங்களை ஆராய்ந்தபோது, தலைக்காயச் சோதனைக்கு உள்ளானவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் டேக்கிளில் அடிபட்டவர்கள் என்று தெரிந்தது. அவர்களிலும் பெரும்பான்மையோர் தடுக்கப் போனவர்கள். ஆகவே, உயர டேக்கிளைக் கண்டிப்பது தடுக்கிறவரையே காப்பாற்றும் வேலை.

2003-ல் இங்கிலாந்துக்காக உலகக் கோப்பை வென்ற ஸ்டீவ் தாம்சன், 42 வயதில் மறதி நோய்க்கு ஆளானதை 2020 டிசம்பரில் வெளிப்படையாகச் சொன்னார். அந்தக் கோப்பையை வென்றதே தன் நினைவில் இல்லை என்றார். அவரைத் தொடர்ந்து நூற்றுக்கணக்கான முன்னாள் வீரர்கள் விளையாட்டு அமைப்புகள்மீது வழக்குத் தொடுத்திருக்கிறார்கள். 2022-ல் வெளியான கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வு, ஸ்காட்லாந்துக்காக ஆடிய 412 முன்னாள் வீரர்களைப் பொதுமக்களோடு ஒப்பிட்டது. நரம்புச் சிதைவு நோய் வரும் வாய்ப்பு வீரர்களுக்குக் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு அதிகம். இந்தப் பின்னணியில் சனிக்கிழமை சிவப்பாகவும் ஞாயிற்றுக்கிழமை ஒன்றுமில்லாமலும் போகிற அட்டை, வீரனுக்கு எதையும் கற்றுக்கொடுப்பதில்லை. குனிந்து தடுக்கும் பழக்கம் அச்சத்தால் மட்டும் வராது, தண்டனை நிச்சயம் என்ற தெளிவால் வரும்.

பிரேக்டவுனின் காயங்கள் வேறு வகை. 2021 பிப்ரவரியில் இத்தாலிக்கு எதிரான ஆட்டத்தில் ஜாக்லராகக் குனிந்து நின்ற இங்கிலாந்தின் ஜாக் வில்லிஸை எதிரணி வீரர் பிடித்து முறுக்கிப் புரட்டினார். வில்லிஸின் முழங்கால் சிதைந்தது. அவரது அலறலை, ரசிகர்கள் இல்லாத கொரோனாக் கால மைதானத்தின் ஒலிவாங்கிகள் அப்படியே ஒலிபரப்பின. பெனால்டி கிடையாது. அப்போது அது சட்டப்படி சரி. ‘முதலைப் புரட்டல்’ என்றழைக்கப்படும் அந்த உத்திக்கு உலக அளவில் தடை வந்தது 2024 ஜூலை 1-ல்தான். மூன்று ஆண்டுகளுக்கு மேல் தாமதம்.

இரண்டாவதாக ஆட்டத்தின் போக்கு. அணிகள் இப்போது எதிரணியைப் போலவே நடுவரையும் படிக்கின்றன. இவர் ஜாக்லருக்கு எவ்வளவு நேரம் தருவார், எதை முதலில் கவனிப்பார் என்பதற்கெல்லாம் குறிப்பெடுக்கப்படுகிறது. சொந்தப் பகுதியில் பந்தோடு ஓடினால் எந்த நொடியில் பெனால்டி விழும் என்று தெரியாததால், பந்தை உதைத்து விரட்டிவிடுவதே பாதுகாப்பு என்று பயிற்சியாளர்கள் முடிவெடுக்கிறார்கள். ‘ஏன் இவ்வளவு உதைக்கிறார்கள்?’ என்று அலுத்துக்கொள்ளும் ரசிகருக்கான பதிலில் பாதி பிரேக்டவுனில் கிடக்கிறது.

மூன்றாவதாக நடுவர்கள். 2021 ஜூலையில் பிரிட்டிஷ் அண்ட் ஐரிஷ் லயன்ஸ் அணியிடம் முதல் டெஸ்டில் தோற்ற பிறகு, தென்னாப்பிரிக்காவின் ரக்பி இயக்குநர் ராசி எராஸ்மஸ், ஆஸ்திரேலிய நடுவர் நிக் பெரியின் முடிவுகளை ஒவ்வொன்றாக விமர்சிக்கும் 62 நிமிடக் காணொளி ஒன்றைப் பதிவு செய்தார். அது இணையமெங்கும் பரவியது. எராஸ்மஸுக்கு இரண்டு மாதம் முழுத் தடையும், 2022 செப்டம்பர் வரை ஆட்ட நாள்களில் அணியோடு இருக்கத் தடையும் விதிக்கப்பட்டன. சில கேள்விகளில் அவருக்கு நியாயம் இருந்திருக்கலாம். ஒரு தனி மனிதரைக் கூட்டத்தின் முன் நிறுத்தியதற்கு நியாயம் கிடையாது. 2023 இறுதிக்குப் பிறகு வெய்ன் பார்ன்ஸ் ஓய்வுபெற்றார். அவர் குடும்பத்துக்கே மிரட்டல்கள் வந்திருந்தன. அதே ஆட்டத்தின் தொலைக்காட்சி நடுவர் டாம் ஃபோலி, வசைகளைத் தாங்க முடியாமல் சர்வதேசப் பணியிலிருந்து விலகினார். தெளிவில்லாத சட்டத்தை எழுதியவர்கள் அறைக்குள் இருக்கிறார்கள். அதை ஊதிச் சொல்பவர் மட்டும் வெளிச்சத்தில் நிற்கிறார்.

கீழ்மட்டம் வரை

பெரிய போட்டிகளிலாவது கேமரா இருக்கிறது. பள்ளி, கிளப் ஆட்டங்களில் பெரும்பாலும் ஒரே நடுவர், ஒரே ஜோடிக் கண்கள். கொழும்பு ராயல் கல்லூரியும் கண்டி டிரினிட்டி கல்லூரியும் 1945 முதல் மோதிவரும் பிராட்பி கேடயமானாலும், 2025-ல் சென்னை புல்ஸ் அணி வென்ற முதல் ரக்பி பிரீமியர் லீக்கின் எழுவர் ஆட்டமானாலும், டேக்கிளுக்கும் ரக்குக்கும் அடிப்படைச் சட்டம் அதேதான். மேலே வரும் குழப்பம் அப்படியே கீழே வடிகிறது.

டேக்கிள் உயரத்திலும் ஒருமை இல்லை. பிரான்ஸ் 2019-லேயே அமெச்சூர் ஆட்டங்களில் இடுப்புக்கு மேல் தடுப்பதை விலக்கத் தொடங்கியது. இங்கிலாந்து 2023 ஜனவரியில் இடுப்பு என்று அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் மன்னிப்புக் கேட்டு, மார்பெலும்பின் அடிப்பகுதிக்குக் கீழே என்று மாற்றிக்கொண்டது. சர்வதேச ஆட்டத்தில் எல்லை இன்றும் தோள்தான். பதினேழு வயதில் ஓர் உயரத்தில் தடுக்கப் பழகியவர், இருபது வயதில் தொழில்முறை அணிக்குப் போனதும் வேறு உயரத்துக்கு மாற வேண்டியிருக்கிறது.

தண்டனையும் உடைந்துதான் கிடக்கிறது. சிவப்பு அட்டை பெற்றவருக்குப் பதில் 20 நிமிடம் கழித்து மாற்று வீரரை இறக்கலாம் என்ற சோதனை தெற்கு அரைக்கோளத்தில் தொடங்கி, 2024 நவம்பர் ஆட்டங்களிலும் 2025 சிக்ஸ் நேஷன்ஸிலும் புகுந்தது. பிரான்ஸ் அதைக் கடுமையாக எதிர்த்தது. 15 பேர் ஆடும் ஆட்டத்தைக் காப்பது நல்ல நோக்கம்தான். ஆனால், தீர்ப்பு சீராக இல்லாததன் வலியைக் குறைக்கத் தண்டனையின் கனத்தைக் குறைப்பது, நோயை விட்டுவிட்டு வலிக்கு மாத்திரை போடுவதாகும்.

செய்ய வேண்டியது

ஆஸ்திரேலியாவில் நடக்கவிருக்கும் 2027 உலகக் கோப்பையில் முதன்முறையாக 24 அணிகள், 52 ஆட்டங்கள். அனுபவம் குறைந்த அணிகளும் பலம் பொருந்திய அணிகளும் மோதும் ஆட்டங்கள் கூடும். தவறான டேக்கிள்களும் கூடும்.

அதற்குள் உலக ரக்பி அமைப்பு நான்கு காரியங்களை முடித்தாக வேண்டும். தலையில் பட்ட ஒவ்வொரு மோதலும், நடுவர் கண்ணில் பட்டாலும் படாவிட்டாலும், தானாகவே மறுஆய்வுக்குப் போக வேண்டும். கிரியல் தப்பியதைப் போன்ற ஒரு நிகழ்வே கரி பெற்ற தண்டனையை அநியாயமாகக் காட்டப் போதுமானது. அடுத்து, பங்கரின் காரணங்கள் அதே ஆட்டத்தில், அதே நிமிடத்தில் ரசிகர் கேட்கும்படி சொல்லப்பட வேண்டும். தண்டனைக் குறைப்புக் காரணங்களை விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருக்க வேண்டும். பிரேக்டவுனில் புதிய வழிகாட்டுதல் எதுவும் தேவையில்லை. காலில் நில், நேராக வா, விட்டுவிட்டு விலகு என்ற மூன்றையும் எல்லாப் போட்டிகளிலும் ஒரே கண்டிப்போடு, முதல் மாதத்து முணுமுணுப்புக்குப் பின்வாங்காமல் நடைமுறைப்படுத்தினால் போதும். 2020-ல் நியூசிலாந்து சில வாரங்களில் செய்துகாட்டியது அது. உலக ரக்பி அமைப்பு நினைத்தால் 2027-க்குள் செய்ய முடியும். செய்ய மறுத்தால், அடுத்த இறுதி ஆட்டத்தின் இரவில் இன்னொரு நடுவர் வசை வாங்குவார். அதற்குப் பொறுப்பு அவருடையதாக இருக்காது.